பனியும் வேண்டும், பகலும் வேண்டும்

டிராவல்ஸ் வைத்திருப்பவனிடம் நல்ல செய்தி சொல்ல யாரும் படியேறி வருவதில்லை. விமானம் நேரத்துக்குக் கிளம்பினால் அது விமானத்தின் சாமர்த்தியம். தாமதமானால் என் குற்றம். கொச்சி மட்டாஞ்சேரியில், யூதர்கள் இருந்த ஜூ டவுனுக்குப் போகிற தெருவில், ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் என் கடை. மருந்துக்கடையோ துணிக்கடையோ, கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைக்கிறவர்கள் இதைப் படித்துத் தலையாட்டுவீர்கள். மற்றவர்கள் சும்மா படித்துவிட்டுப் போங்கள்.

ஐரோப்பாவில் பனி பார்க்க வேண்டும், தனியாகப் போக வேண்டும் என்று வந்த ஒருத்தியைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவளுக்கு ஊர் பார்த்துக் கொடுத்து முடிப்பதற்குள் என் ரத்த அழுத்தத்துக்கு டாக்டர் மாத்திரையை மாற்றிவிட்டார்.

காசு கொடுத்து நனைந்தவர்

அவளுக்கு முன்னால் இன்னொருவர். தேங்காய் எண்ணெய் மொத்த வியாபாரி. கிறிஸ்துமஸுக்குப் பனியில் நிற்க வேண்டும் என்றார். எந்த ஊர் என்றேன். கேக் டப்பாவின் மூடியைக் காட்டினார். அதில் ஒரு பெரிய நகரம், கோபுரம், மேலே எல்லாம் வெள்ளை. பெரிய நகரங்களில் பனி நிச்சயமில்லை என்று சொன்னேன். டிசம்பரில் ஐரோப்பாவில் பனி இல்லாமல் போகுமா என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். போனார். போன நாள் முதல் திரும்பும் நாள் வரை அங்கே மழை.

திரும்பி வந்தவர் வீட்டுக்குக்கூடப் போகவில்லை, நேரே என் கடைக்கு வந்தார். கையில் அங்கே வாங்கின குடை. அன்றிலிருந்து நான் படத்தைப் பார்த்து ஊர் சொல்வதை விட்டேன். தங்கப் போகும் விடுதிக்கு ஃபோன் செய்வேன். "ஜன்னலைத் திறந்து வெளியே என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்பேன். சிலர் பைத்தியம் என்று வைத்துவிடுவார்கள். பைத்தியம் என்று வைக்காதவர்கள் இருக்கிற ஊர்தான் என் வாடிக்கையாளர்களுக்கு. இந்தப் புத்தியைக் கொடுத்த எண்ணெய் வியாபாரி அன்றைக்குக் குடையை என் மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னது இது: "சாமி, ஜூன் மாசத்து இடவப்பாதி மழை இங்கே சும்மா கிடைக்குது. நான் காசு கொடுத்து அங்கே போய் நனைஞ்சேன்."

கீரைக்கு அடங்காத கண்

ஜயா வந்தது ஓணம் கழிந்து. பக்கத்தில் பள்ளுருத்தியில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். நாற்பதைத் தாண்டியவள், கல்யாணம் ஆகவில்லை. ஏலக்காய் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் தரம் பிரிக்கும் பகுதியைப் பார்த்துக்கொள்கிறாள். எங்கள் பாலக்காட்டுத் தமிழ்தான் பேசுவாள். நாற்காலியில் உட்காரும் முன்பு அதைக் கையால் தொட்டுப் பார்த்தாள். அப்போது நான் அதைக் கவனித்தேன், அர்த்தம் புரியவில்லை.

பனி பார்க்க வேண்டும், தனியாக, என்றாள். கூட யாராவது போனால் நல்லது என்றேன். எல்லோரிடமும் சொல்வதுதான். "கூட வரவா என் கையைப் பிடிச்சுப்பா மாமா. அப்புறம் நான் அவா முகத்தைத்தான் பாத்துண்டிருக்கணும், விழப்போறேனான்னு அவா பயப்படறதை" என்றாள். ஏன் விழ வேண்டும் என்று கேட்டேன். அப்போது சொன்னாள். விழித்திரையில் வியாதி. பரம்பரை. இருட்டினால் ஒன்றும் தெரியாது. பகலில் நேரே தெரியும், பக்கவாட்டில் இல்லை. அந்த நேரே தெரிவதும் வருஷத்துக்கு வருஷம் சுருங்குகிறது. எவ்வளவு காலம் என்று டாக்டர் சொல்ல மாட்டேன் என்கிறார்.

ஐரோப்பாவில் குளிர்காலம் என்றால் சாயங்காலத்துக்கு முன்பே ராத்திரி. அதில் தனியாக ஒருத்தி, மாலைக்கண்ணோடு. விழுந்தால் என் கடையின் பேரில் விழுவாள். முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் என் அசிஸ்டெண்ட் பின்ஸி, நல்ல பெண், யோசிக்காமல் பேசுகிறவள், கீரையும் காரட்டும் சாப்பிடலாமே சேச்சி என்றாள். ஜயாவுக்குக் கோபம் வரவில்லை. "இது கீரைக்கு அடங்கற ஜாதி இல்லை பின்ஸி. ஏலக்காய்ப் பச்சை பாத்தாச்சு, மிளகுக் கறுப்பு பாத்தாச்சு. கடை மூடறதுக்குள்ளே வெள்ளையா ஒண்ணு பாத்துடறேன்."

பச்சை வெளிச்சம்

பின்ஸி கம்ப்யூட்டரில் முதலில் காட்டியது வடக்குக் கோடி. பனி நிச்சயம். கலைமான் வண்டி, கண்ணாடிக் கூரை போட்ட குடிசை, வானத்தில் பச்சையாக ஆடும் வெளிச்சம். ஜயா திரைக்கு முன்னால் தலையை இடமும் வலமுமாக மெல்ல நகர்த்திப் பார்த்தாள். ஒரு படத்தை அவள் துண்டு துண்டாகத்தான் பார்க்க முடியும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் ஃபோனை எடுத்தேன். அங்கே ஒரு விடுதிக்காரன். ஜனவரியில் சூரியன் எத்தனை மணிக்கு உதிக்கும் என்று கேட்டேன். சிரித்தான். அந்த மாதத்தில் உதிக்காதாம். மத்தியானம் கொஞ்ச நேரம் வானம் நீலமாகும், அவ்வளவுதானாம். நமக்கு இது தெரியாது. கொச்சியில் சூரியன் வருஷம் முழுக்க ஆறுக்குப் பக்கத்தில் வரும், ஆறுக்குப் பக்கத்தில் போகும். உலகம் முழுக்க அப்படித்தான் என்று ஒரு நினைப்பு. நான் ஃபோனை வைத்தேன். பின்ஸி விடவில்லை. பனி அங்கேதான் உறுதி சாமி, எல்லாரும் அந்தப் பச்சை வெளிச்சம் காணத்தான் போகுது, ஒரு டார்ச் வாங்கிக் கொடுத்தால் போதும் என்றாள். ஜயா நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். "பகலே இல்லாத ஊருக்குப் போய் நாள் முழுக்கக் குருடியா இருக்கறதுக்கு நான் எதுக்கு ப்ளேன் ஏறணும்? அது பள்ளுருத்தியிலேயே சௌகரியமா வரும், காத்துண்டிருந்தா."

ஹெல்காவின் கேள்வி

அதற்கப்புறம் ஊர் மேல் ஊராகப் பார்த்துக் கழித்தோம். பழைய தலைநகரம் ஒன்று: பனி விழுந்த அன்றே சேறு. சறுக்கு விளையாட்டுக்குப் பேர்போன மலையூர் ஒன்று: தெருவெல்லாம் படிக்கட்டு, படியெல்லாம் உறைந்த தண்ணீர், போதாததற்குச் சறுக்குகிறவர்கள் பக்கவாட்டிலிருந்து வருவார்கள். பக்கவாட்டுதான் இவளுக்கு இல்லையே. இன்னொரு ஊரில் ஸ்டேஷனிலிருந்து விடுதிக்கு நடுவே நெடுஞ்சாலை. ஒவ்வொரு தடவையும் அவள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வருவாள், நான் வேண்டாம் என்பேன், அவள் இறங்கிப் போவாள். மூன்றாவது மாதம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, நான் ஊர் தேடுகிறேனா, சாக்குத் தேடுகிறேனா என்று.

கடைசியில் ஆஸ்திரியாவில் மலைகளுக்கு நடுவே ஒரு சிற்றூர். பேர் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே பத்துப் பேர் வந்து நிற்பீர்கள். சமதரை. ஊருக்குள் கார் கிடையாது. ஸ்டேஷனிலிருந்து விடுதிக்கு ஒரே நேர்பாதை, ஒரு பக்கம் கைப்பிடி. பள்ளத்தாக்கு தெற்கே திறந்திருப்பதால் ஜனவரியில் சாயங்காலம் நாலு வரை வெயில் இருக்கும். இதெல்லாம் விடுதி நடத்துகிற ஹெல்கா என்ற அம்மாள் நிறுத்தி நிறுத்தி இங்கிலீஷில் சொன்னது. ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். திறந்தாள். குளிர்காலம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, ஆனாலும் தோட்டத்து வேலி மறைந்துவிட்டது என்றாள். கைப்பிடி இரும்பா மரமா, பாதையில் பனியை யார் வாருகிறார்கள், விளக்குக் கம்பத்துக்கும் கம்பத்துக்கும் எவ்வளவு தூரம், எல்லாம் கேட்டேன். ஜயாவின் கண்ணைப் பற்றியும் சொன்னேன். மூன்று மணி ரயிலில் வரட்டும், நானே ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்றாள். வைக்கும் முன் கேட்டாள், உங்கள் மகளா என்று. இல்லை, வாடிக்கையாளர் என்றேன். "ஒரு வாடிக்கையாளருக்கு இத்தனை கேள்வியா? நீங்கள் எப்படிக் கடை நடத்துகிறீர்கள்?"

இங்கேயே விழலாம்

டிக்கெட் போடும் முன் நான் ஒரு நிபந்தனை வைத்தேன். வேலை விட்டதும் கடைக்கு வா, விளக்கு வைத்தபின் படகுத்துறை வரை நடந்து காட்டு. நான் பின்னால் வருவேன், தொடமாட்டேன். கொடுமைதான். ஆனால் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அவள் மடக்குக் கோல் ஒன்றை எடுத்து நீட்டினாள். அதுவரை அதை நான் பார்த்ததில்லை. ஜூ டவுன் சந்தில் டூரிஸ்டுகள், நிறுத்தி வைத்த ஸ்கூட்டர்கள், கடை வாசலில் பித்தளை உருளிகள். சுவரோரமாகவே போனாள். பாதி தூரம் நன்றாகத்தான் போனாள். அங்கே ஒருவன் கைவண்டியைக் குறுக்கே விட்டுவிட்டுச் சாயா குடிக்கப் போயிருந்தான். வண்டியின் பிடி இடுப்பு உயரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. கோல் அடியில் போய்விட்டது, பிடி இவள் விலாவில் இடித்தது. முட்டி போட்டு விழுந்தாள். ஒரு சேட்டன் ஓடிவந்து கையைப் பிடித்தார். உதறினாள். நான் தொடமாட்டேன் என்று சொல்லியிருந்ததால் தொடாமல் நின்றேன். அந்த நிற்பு மாதிரி கஷ்டமான ஒரு வேலை இந்தத் தொழிலில் நான் செய்ததில்லை.

எழுந்து, புடவையைத் தட்டி, ஆள் சத்தம் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பி என்னைத் தேடினாள். நான் எதிர்ப்பக்கம் நின்றிருந்தேன். போதும், டிக்கெட் இல்லை என்றேன். அவள் கோலை மடக்கினாள். "விழறதுக்கு இந்த ஊர்லே யாரும் டிக்கெட் கேக்கறதில்லை மாமா. அங்கே விழறதுக்கு மட்டும் நீங்க தரமாட்டேளா?"

அண்ணன்

டிக்கெட் போட்டேன். மூன்றாம் நாள் அவள் அண்ணன் ராமநாதன் வந்தான். கோயில் கமிட்டிச் செயலாளர். நெற்றி நிறைய விபூதி, சட்டைப் பையில் பாக்கெட் பஞ்சாங்கம். உட்காரவில்லை. கேன்சல் பண்ணுங்கோ என்றான். அவள் பேரில் அவள் எடுத்தது, அவள் சொன்னால் பண்ணுகிறேன் என்றேன். நீங்கள் தரவில்லை என்றால் நின்றுவிடுவாள் என்றான். நான் தரவில்லை என்றால் எதிர்க்கடைக்காரன் தருவான், அவன் ஜன்னலைத் திறக்கச் சொல்ல மாட்டான் என்றேன்.

குரல் உயர்ந்தது. அவனுக்கும் எனக்கும். கீழே சுக்கு மூட்டை அடுக்குகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பின்ஸி கதவைச் சாத்தினாள். கடைசியில் அவன் சொன்னான்: அவர்கள் அப்பாவுக்கும் இதே கண். வேலை விட்டு வரும்போது அந்தி நேரத்தில் படகுத்துறையில் கால் தவறினார். தூக்கிவிட்டார்கள், ஆனால் இடுப்பு போய்விட்டது. அதற்கப்புறம் கட்டிலோடு கிடந்தார். இவன்தான் பார்த்துக்கொண்டான். இதைக் கேட்டபின் நான் கத்துவதை நிறுத்தினேன். கைப்பிடியைப் பற்றிச் சொன்னேன், மூன்று மணி ரயிலைப் பற்றிச் சொன்னேன், ஹெல்காவைப் பற்றிச் சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டான். போகும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அவளுக்குப் பனி பாக்கணும், நீங்க ஊர் பாத்துட்டேள். நேக்கு அவ திரும்பி வந்து நடந்து வரதைப் பாக்கணும். அதுக்கு ஏதாவது ஊர் இருந்தா சொல்லுங்கோ மாமா."

அஞ்சரை மணி வெயில்

வெள்ளிக்கிழமை விடியற்காலை விமானம். வியாழக்கிழமை காலை நான் கடையைத் திறந்து, அவளுக்குக் கொடுக்க வேண்டிய தாள்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். ராமநாதன் வந்தான். முகத்தில் சிரிப்பு. கையில் வாழையிலையில் நெய்ப்பாயசம், கோயில் பிரசாதம். நல்லபடியா ஏறிட்டா மாமா, இப்போ வளைகுடாவில் அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கிறாள் என்றான்.

யார் ஏறினது என்றேன். ஜயாதான் என்றான். வெள்ளிக்கிழமை மேற்கே சூலமாம். ஐரோப்பா மேற்கு. சூலம் இருக்கிற திசைக்குப் பிரயாணம் கூடாது என்று பஞ்சாங்கத்தில் இருக்கிறது. அதனால் தங்கையிடம், ஒரு நாள் முன்னால் போனால் மனசார ஆசீர்வாதம் பண்ணி அனுப்புகிறேன் என்றிருக்கிறான். அவள் சரி என்றுவிட்டாள். அவன் பிள்ளை மொபைலிலேயே டிக்கெட்டை வியாழனுக்கு மாற்றியிருக்கிறான். ஒரு நாள்தானே, உங்களை எதற்குச் சிரமப்படுத்துவது என்று என்னிடம் சொல்லவில்லையாம். நான் கத்துவேன் என்பதுதான் நிஜம்.

பின்ஸி புதுப் பயணத்தைத் திரையில் போட்டாள். வளைகுடாவில் காத்திருக்கிற நேரம் அதிகம். ஐரோப்பாவில் இறங்குவது தாமதம். மூன்று மணி ரயில் கிடையாது, அதற்கு அடுத்ததுதான். அந்தச் சிற்றூர் ஸ்டேஷனில் இறங்கும்போது ஐந்தரை. ஹெல்கா நாளைக்கு மத்தியானம் வந்து நிற்பாள், ஆளில்லாத ரயிலுக்கு. இன்றைக்கு ராத்திரி அந்தப் பிளாட்ஃபாரத்தில் இவள் தனியாக. ராமநாதன் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பாயச இலையைக் கீழே வைக்கவில்லை. "ஏன் இப்படிப் பாக்கறேள்? அஞ்சரைன்னா வெயில்னா அடிக்கும் மாமா?"

வெல்லம்

அங்கே நாலரைக்கே அஸ்தமனம் என்று சொன்னேன். அவனுக்குப் புரிய நேரமானது. புரிந்ததும் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். ஜயாவுக்கு ஃபோன் போட்டோம். அணைந்திருந்தது. அடுத்த விமானத்தில் ஏறியிருப்பாள். ஹெல்காவுக்குப் போட்டோம். அடித்துக்கொண்டே இருந்தது. பின்ஸி மறுபடி மறுபடி போட்டாள். சாப்பாட்டு நேரம் போனது. யாரும் சாப்பிடவில்லை.

கடைசியில் ஹெல்கா எடுத்தாள். நாளைக்குத்தானே என்றாள். இல்லை என்றேன். அறை இன்றைக்கு வேறொருவருக்குக் கொடுத்திருக்கிறது, பரவாயில்லை, சமையலறை பெஞ்சில் படுக்கை போடுகிறேன் என்றாள். ஆனால் காலையிலிருந்து பனி கொட்டுகிறது, ரயில் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, சாயங்காலம் வீடு நிறைய விருந்தாளிகளுக்குச் சூப் கொடுக்க வேண்டும், முடிந்தால் வருகிறேன் என்றாள். முடிந்தால்! நான் ஃபோனை வைத்துவிட்டு ராமநாதன் பக்கம் திரும்பினேன். சூலத்துக்குப் பரிகாரமும் உன் பஞ்சாங்கத்தில்தானே போட்டிருக்கிறது, மேற்கே சூலம் என்றால் ஒரு துண்டு வெல்லம் தின்றுவிட்டுக் கிளம்பலாம், தெருவிலேயே மளிகைக்கடை, ஒரு துண்டு வெல்லத்தில் தீர்ந்திருக்குமே என்று கத்தினேன். கத்தினது தெருவுக்கே கேட்டிருக்கும். அவன் கண்ணில் தண்ணீர். ஆனாலும் செயலாளர் செயலாளர்தான். "வெல்லம் அவசரத்துக்காக்கும் மாமா. தேதியை மாத்தறதுக்கு வழி இருக்கறப்போ வெல்லம் தின்னா அது ஏமாத்து."

ஃபோன்

சாயங்காலம் தெருவிளக்கு எரிகிற நேரத்தில் ஜயாவின் ஃபோன் கிடைத்தது. விமானத்திலிருந்து இறங்கியிருந்தாள். அங்கே இன்னும் பகல். பின்ஸி ஸ்பீக்கரில் போட்டாள். விமான நிலையத்தை விட்டு நகராதே என்றேன். பக்கத்திலேயே ஒரு ஹோட்டல் அறையைப் பின்ஸி பார்த்து வைத்திருந்தாள். இன்று அங்கே தூங்கு, நாளைக்குப் பகல் ரயிலில் போ. நடுவில் ராமநாதன் புகுந்தான். அங்கேயே இரு, நான் யாரையாவது அனுப்பறேன் என்றான். யாரை அனுப்புவான்? அவனுக்குப் பக்கத்திலிருக்கிற ஆலுவாவுக்கு அந்தப்பக்கம் ஆள் கிடையாது.

அவள் எல்லாம் கேட்டாள். பின்னால் அறிவிப்பு ஏதோ போனது. பெட்டிச் சக்கரங்களின் சத்தம். ஐந்தரைக்கு அங்கே இருட்டு என்று தெரியுமா என்றேன். விமானத்தில்தான் தெரிந்தது, ஜன்னல் சீட்டில் பக்கத்திலிருந்தவர் சொன்னார் என்றாள். பயமா இல்லையா என்றேன். இருக்கு என்றாள். அப்படியானால் ஹோட்டலுக்குப் போ என்றேன். ஹோட்டல் ரூமிலிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று கேட்டாள். பின்ஸி திரையைப் பார்த்து, கார் பார்க்கிங் என்றாள். பொய் சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்ணுக்கு வராது. ஜயா மூச்சை இழுத்து விட்டது ஸ்பீக்கரில் கேட்டது. "அண்ணா அழறார், மாமா கத்தறேள். ரெண்டும் சேந்து நேக்கு ரயில் அறிவிப்பு காதுலே விழமாட்டேங்கறது. வெச்சுடறேன்."

விளக்கை அணைக்கச் சொன்னவள்

மறுநாள் காலை நான் கடைக்குப் போனபோது ராமநாதன் படியில் உட்கார்ந்திருந்தான். ஷேவ் பண்ணவில்லை, விபூதி இல்லை. அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஹெல்காவின் எண் கிடைக்கவில்லை. பனியில் லைன் போயிருக்கும் என்றாள் பின்ஸி. அவள் வாங்கி வந்த சாயா மூன்று கிளாஸிலும் ஆறி ஏடு படிந்தது. யாரோ திருப்பூணித்துறையிலிருந்து துபாய் டிக்கெட்டுக்கு வந்தார்கள். போய் அப்புறம் வாருங்கள் என்றேன். ராமநாதன் ஒரே ஒரு தடவை பேசினான், அப்பா விழுந்த அன்றும் நான்தான் அவரை ஒரு படகு முன்னால் வரச் சொன்னேன், கைபிடித்து இறக்கிவிடுகிறவர் அடுத்த படகில்தான் இருந்தார் என்று.

மத்தியானத்துக்குப் பக்கத்தில் அவள் கூப்பிட்டாள். குரலில் தூக்கம். ராமநாதன் ஃபோனைப் பிடுங்கினான், அவள் குரலைக் கேட்டதும் என்னிடம் திருப்பிக் கொடுத்தான். எப்படிப் போனாய் என்றேன். நடந்து என்றாள். ரயில் ரொம்பத் தாமதம். இறங்கினதும் கண்ணை மூடிக்கொண்டு நின்றாளாம், இருட்டில் எப்போதும் அப்படித்தான், காதால் முதலில் பார்ப்பாள். அப்புறம் கண்ணைத் திறந்தால் தரையெல்லாம் வெளிச்சம். நம் ஊரில் விளக்குக் கம்பம் தன் காலடிக்குத்தான் வெளிச்சம் போடும், மீதியைத் தார் ரோடு குடித்துவிடும். அங்கே ஒரு விளக்கை அந்த வெள்ளை வாங்கித் தெரு முழுக்கத் திருப்பிக் கொடுக்கிறது. கம்பம், கைப்பிடி, ஒரு நாய், நாயைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவர், எல்லாம் வெள்ளைத் துணியில் மிளகு கொட்டின மாதிரி தனித்தனியாகத் தெரிந்ததாம். பக்கவாட்டில் ஒன்றும் தெரியவில்லைதான். விடுதி வாசற்படி தெரியாமல் ஒரு தடவை விழுந்தாளாம். மெத்தென்று இருந்ததாம். ராத்திரியில் யார் கையும் பிடிக்காமல் தெருவில் நடந்து எத்தனையோ வருஷமாயிற்று என்றாள். ஹெல்கா வந்தாளா என்று கேட்டேன். "பாதி வழியிலே வந்தா, பாவம், பெரிய டார்ச் எடுத்துண்டு. அணைக்கச் சொன்னேன் மாமா, கண்ணு கூசறது."

படம்

திரும்பி வந்ததும் கடைக்கு வந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, மூக்கு நுனியில் தோல் உரிந்திருந்தது. கண் பழையபடிதான். சொல்லாமல் தேதியை மாற்றினதற்கு நான் கத்தவேண்டிய பாக்கி இருந்தது. கத்தினேன். முடியும் வரை பொறுமையாகக் கேட்டாள். பின்ஸிதான் அவசரப்பட்டாள், ஃபோட்டோ காட்டு சேச்சி என்று. ஜயா ஃபோனைக் கொடுத்தாள். பின்ஸி தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பள்ளுருத்தி, ஏலக்காய்த் தட்டுகள், அண்ணன் குழந்தைகள். அப்புறம் ஒன்றுமில்லை. பனி என்று ஒரு படம் கிடையாது.

இவ்வளவு தூரம் போய் ஒரு ஃபோட்டோகூட எடுக்கவில்லையா என்று பின்ஸிக்கு ஆற்றாமை. எனக்கும் கோபம்தான். ஜன்னலைத் திறக்கச் சொல்லி எத்தனை ஃபோன் போட்டேன், எனக்காவது ஒரு வேலி காட்டக் கூடாதா? அவள் ஃபோனை வாங்கிப் பையில் போட்டாள். "எடுக்கத்தான் நினைச்சேன் பின்ஸி. எடுத்தா அப்புறமாப் பாத்துக்கலாம்னு தோணிடும்."

இத்தனை வருஷம் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்ததில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: தனியாகப் போகிறவருக்குப் பனி விழுகிற ஊர் பார்த்துக் கொடுத்துவிடலாம், தொல்லையெல்லாம் கூடப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களால்தான், அதில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.